மருந்து காட்டும் மாயம்

சென்னையிலிருந்து தெற்கே மின்சார ரயிலில் செல்வோர், குரோம்பேட்டைக்கு அடுத்தாற்போல் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ஸ்டேஷனைக் காண்பார்கள். க்ஷயரோக விடுதியின் பெயரைத் தாங்கி நிற்கும் ஸ்டேஷன் அபூர்வமானதுதான். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து நிறுவி, 1937-ல் அரசாங்கத்தார் ஏற்றுக்கொண்ட ஆஸ்பத்திரி அது. அந்நாளில் அங்கே கொடுத்த பிரதான மருந்து நல்ல காற்று, ஓய்வு, போஷாக்கான உணவு. அவற்றால் எல்லோரும் பிழைத்துவிடவில்லை. ஆனால், காற்று வாங்கியதால் ஒருவர் காதில் இல்லாத குரல் விழுந்ததும் இல்லை.

பிறகு மாத்திரைகள் வந்தன. 1952-ல் நியூயார்க் நகரின் ஸீ வியூ ஆஸ்பத்திரியில் ஐப்ரோனியாஸிட் என்னும் புது மருந்தை க்ஷயரோகிகளுக்குக் கொடுத்துப் பரீக்ஷித்தார்கள். சோர்ந்து கிடந்தவர்கள் குதூகலமடைந்தார்கள். நுரையீரலுக்குக் கொடுத்தது மூளைக்கும் போய்விட்டது! சில வருஷங்களில் வைத்தியர்கள் அதையே மனச்சோர்வுக்கு மருந்தாக்கினார்கள்.

மூளைக்குச் செல்லும் மருந்தெல்லாம் குதூகலத்தையே கொண்டு செல்வதில்லை. அதே காலத்தில் வந்த ஸைக்ளோஸெரீன் சிலருக்குத் திகிலைக் கொடுத்தது. யாரோ பெயர் சொல்லி அழைப்பதுபோல் கேட்கும். இல்லாத உருவம் எதிரே நிற்கும். பெற்ற தாய் இட்ட சோற்றிலும் விஷம் இருப்பதாகச் சந்தேகம் தோன்றும். வலிப்பும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வருவதுண்டு. சிறுநீரகம் பலவீனமாகி இரத்தத்தில் மருந்து மிஞ்சினால் அபாயம் அதிகம். சாதாரண மருந்துகளுக்கு மசியாத க்ஷயத்துக்காக 2007-ல் நம் நாட்டில் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில், சுமார் இரண்டு வருஷச் சிகிச்சையில் இந்த மருந்தும் சேர்ந்திருந்தது.

அப்படியானால் பரீக்ஷைகளே வேண்டாமென்று சொல்லலாமா? கூடாது என்பதே நமது அபிப்பிராயம். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளைக் கொண்டு ஒரு பரீக்ஷை நடத்தியது. சிலருக்கு வீட்டிலும், சிலருக்குச் சானடோரியத்திலும் அதே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்ததில், குணம் அநேகமாகச் சமமாகவே இருந்தது. 1959-ல் வெளியான அம்முடிவு உலகெங்கும் வைத்திய முறையை மாற்றியது. அந்த உண்மையைத் தம் உடம்பால் நிரூபித்துக் கொடுத்தவர்கள் சென்னையின் ஏழைகள்.

இத்தகையோருக்கு நாம் பட்ட கடன் பெரிது. 2019-ம் வருஷத்து விதிகள் அதில் ஒரு பகுதியைத் தீர்க்க முயல்கின்றன. பரீக்ஷைக்கு உட்படுகிறவருக்கு விளங்கும் பாஷையில் விவரம் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும். அவர் விரும்பியபோது விலகலாம். கடுமையான தீங்கு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்கவேண்டும். பரீக்ஷையால் நேர்ந்த தீங்குக்கு நஷ்டஈடு உண்டு.

விதி நல்லதே. ஆனால், விளங்கும் பாஷை எது? ‘மனநிலைப் பாதிப்பு ஏற்படக்கூடும்’ என்று அச்சடித்த காகிதத்தைக் கேட்டுப் பெருங்களத்தூர்க் கொத்தனார் தலையை ஆட்டிவிடுவார். “ஒருவேளை இல்லாத குரல் உமக்குக் கேட்கலாம், அது மருந்தின் வேலை, உடனே எங்களிடம் வந்து சொல்லும்” என்றால் அவருக்கும் விளங்கும், அவர் மனைவிக்கும் விளங்கும். இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லாததால் விளையும் கஷ்டம் கொஞ்சமல்ல. பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கிறவர்கள் உண்டு. வெட்கப்பட்டு வாய் திறவாமல் எல்லா மருந்தையும் குப்பையில் எறிகிறவர்களும் உண்டு. பிரமை நின்றுவிடும், க்ஷயம் நிற்காது. வைத்தியரிடம் சொன்னால், குற்றவாளியான ஒரு மருந்தை மட்டும் நிறுத்தவோ குறைக்கவோ அவரால் முடியும். அப்படிச் செய்தால் பெரும்பாலும் புத்தி தெளிந்துவிடுகிறது.

2024-ல் இந்திய அரசாங்கம் அங்கீகரித்த புதிய ஆறு மாதச் சிகிச்சையில் ஸைக்ளோஸெரீன் இல்லை. அதிலுள்ள லினெஸோலிட் நரம்பையும் இரத்தத்தையும் தாக்கக்கூடும் என்றாலும், மாயக்குரல்களுக்குப் பயந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். இந்த வழியைத் திறந்தவர்களும் பரீக்ஷைக்குச் சம்மதித்த நோயாளிகளே. அவர்கள் “எனக்கு ஏதோ கேட்கிறது” என்று சொல்லும்போது சிரிக்காமல் கேட்டுக்கொள்வது, வைத்தியருக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.