தராசில் தோற்ற ஊர்

ஜெர்மனியையும் போலந்தையும் பிரிக்கும் நைசே ஆற்றுக்கு மேற்கே, ஒரு மேட்டு நிலத்தில் ஹோர்னோ என்ற சிற்றூர் இருந்தது. சோர்பிய மொழியில் அதற்கு ரோகோவ் என்று பெயர். 6ஆம் நூற்றாண்டு வாக்கில், ஹோர்னோ அமைந்த லவுசிட்ஸ் பகுதியில் குடியேறிய ஸ்லாவிய இனத்தவரின் வழிவந்தவர்கள் சோர்பியர்கள். இன்று அவர்கள் சுமார் 60,000 பேர்தான். ஹோர்னோவில் வாழ்ந்த ஏறத்தாழ 350 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் சோர்பியர். அந்த ஊருக்கு அடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியே அதற்கு எமனாக வந்தது. 2004இல் தேவாலயம் தகர்க்கப்பட்டது; ஊர் முழுவதும் தரைமட்டமாகி, யேன்ஷ்வால்டே திறந்தவெளிச் சுரங்கத்துக்கு இரையானது. சிறுபான்மையினரின் மண்ணைக் காப்பதாக வாக்களித்த சட்டம் நடைமுறையில் இருந்தபோதே இது நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

1992இல் இயற்றப்பட்ட, ஹோர்னோ இருந்த பிராண்டன்பர்க் மாநில அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, சோர்பியரின் பூர்வீக வாழ்விடத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஹோர்னோவை அகற்றும் சுரங்கத் திட்டத்துக்குப் போதிய சட்ட அடிப்படை இல்லையென்று 1995இல் மாநில அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. மாநில அரசு பின்வாங்கவில்லை. 1997இல் தனிச் சட்டமே கொண்டுவந்து ஊராட்சியைக் கலைத்தது. 25ஆம் பிரிவு அரசுக்கு ஓர் இலக்கைத்தான் வகுக்கிறது, பிற பொதுநலன்களோடு அதைச் சீர்தூக்கிப் பார்க்கலாம் என்று 1998இல் அதே நீதிமன்றம் புதிய சட்டத்தை ஏற்றது. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, சோர்பியர் பகுதிக்குள்ளேயே இருக்கும் ஃபோர்ஸ்ட் நகருக்குத்தானே மக்கள் போகிறார்கள் என்பதையும் கருத்தில் கொண்டு, 2000இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவர்களுடைய மனுவை ஏற்க மறுத்தது.

தனியாகப் பார்த்தால் இந்தத் தீர்ப்புகளில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஒரு தட்டில் 350 பேர். மறு தட்டில் அந்த நிலக்கரியை நம்பிய 3,000 மெகாவாட் மின்நிலையம், ஆயிரக்கணக்கான வேலைகள். பிழை தராசில் இல்லை, நிறுக்கும் முறையில் இருக்கிறது. கடந்த நூறாண்டில் லவுசிட்ஸில் 130க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ சுரங்கங்களுக்குப் பலியாயின. அவற்றில் பல சோர்பியர் ஊர்கள். ஒவ்வோர் ஊரையும் தனித்தனியே நிறுத்தால் ஒவ்வொன்றும் தோற்கத்தான் செய்யும். முன்பு இழந்த ஊர்களையும் சேர்த்து நிறுத்தால்தான், அடுத்த ஊரின் அழிவு அந்த மொழிக்கு என்ன செய்யும் என்பது விளங்கும்.

ஹோர்னோவில் சோர்பிய மொழி ஏற்கெனவே தேய்ந்துவிட்டதே, இனி எதைக் காப்பது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தேய்வு தானாக வந்ததல்ல. பள்ளியிலும் தேவாலயத்திலும் தலைமுறை தலைமுறையாக ஜெர்மன் மொழி திணிக்கப்பட்டது. 1937இல் நாஜி அரசு சோர்பியரின் பொது அமைப்பான டோமோவினாவை முடக்கியது. அதன்பின் சுரங்கங்கள் ஊர்களைக் கலைத்தன. முதலில் நலிய வைத்துவிட்டு, பிறகு அந்த நலிவையே காரணம் காட்டுவது நீதியாகாது. நிலக்கரியை நம்பிய குடும்பங்களின் கவலை உண்மையானது. ஜெர்மனியின் ஒருங்கிணைப்புக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட காலம் அது. ஆனால் 'வேறு வழியே இல்லை' என்ற வாதத்தைக் காலம் சோதித்துவிட்டது. பல ஆண்டுகள் அழிவின் நிழலில் இருந்த பிரோஷிம் என்ற ஊரின் கீழுள்ள நிலக்கரியை எடுக்கும் திட்டத்தை 2021இல் சுரங்க நிறுவனமே கைவிட்டது. யேன்ஷ்வால்டே சுரங்கத்திலும் 2023 முடிவோடு நிலக்கரி எடுப்பது நின்றுவிட்டது. பல நூற்றாண்டு கண்ட ஊரைக் கொடுத்து வாங்கியது இருபதாண்டுகூட நிறையாத அவகாசம்.

புதிய வீடும் இழப்பீடும் கிடைத்தனவே என்பது கடைசி மறுப்பு. கிடைத்தன, ஃபோர்ஸ்டில் எழுந்த புதிய குடியிருப்புக்கும் ஹோர்னோ என்றே பெயர். ஆனால் வயலுக்கும் ஓடைக்கும் முன்னோர் இட்ட பெயர்களையும், சுற்றுவட்டார ஊர்களோடு இருந்த அன்றாடப் புழக்கத்தையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது. அந்தப் புதிய ஹோர்னோவில் 2006இல் ஓர் ஆவணக் காப்பகம் திறக்கப்பட்டது. லவுசிட்ஸில் சுரங்கம் விழுங்கிய ஊர்களின் கணக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.