பனியை எழுதி வைப்போம்: புதுக்கோட்டை மாவட்ட மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் நாளைக்கு ஒரு வரி. நாங்கள் உங்களிடம் கேட்க வந்திருப்பது இவ்வளவுதான். பள்ளி ஆசிரியர்கள், கடைமடை விவசாயிகள், பூ விவசாயிகள், கரையோர மீனவர்கள், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் என்று பல ஊர்க்காரர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

எங்களில் ஒருவரின் அப்பா கீரமங்கலம் பக்கத்தில் முல்லையும் மல்லிகையும் வைத்திருந்தவர். விடியுமுன் பூ எடுத்து, கமிஷன் கடையில் எடை போட்டுவிட்டு வந்ததும், அன்று கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். “மூடுபனி, எட்டு மணி வரை. பூ ஒண்ணேகால் கிலோ.” “பனி இல்லை. வாடை. பூ இரண்டரை.” எழுதிய தாளைத் திண்ணையில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார். அவர் காலமான பிறகு அந்தக் கம்பியை இறக்கி, தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினோம். கீழே இருந்தவற்றைக் கரையான் தின்றிருந்தது. மிஞ்சியவற்றில் பதினோரு மார்கழிகள் இருந்தன. முதல் பனி இறங்கிய நாள், கடைசிப் பனி விழுந்த நாள், பனிக்குப் பூ எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் அந்த ஒரு கொல்லைக்கு மட்டும் இன்று எங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கொல்லைக்குத் தெரியாது.

தைப்பனி தரையைப் பிளக்கும், மாசிப்பனி மச்சைப் பிளக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். வெறும் வார்த்தை அழகுக்காகச் சொன்னதாக நாங்கள் நினைக்கவில்லை. பல தலைமுறை விடியற்காலையில் எழுந்து வயலுக்குப் போனவர்கள் கண்டு வைத்த கணக்கு அது. அந்தக் கணக்கு இன்றும் பொருந்துகிறதா? மாசியில் பனி மச்சு வரை இருக்கிறதா, தையிலேயே வெயில் வந்துவிடுகிறதா? டீக்கடையில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். “முன்ன மாதிரி பனி இல்லப்பா” என்பார் ஒருவர், “போன வருஷம் கொட்டுச்சே” என்பார் அடுத்தவர். இருவர் சொல்வதும் நினைவிலிருந்துதான். நினைவு கடைசியாகக் கண்டதையே பெரிதாகக் காட்டும்.

நினைவை நம்பாமல் எழுதி வைத்தால் என்ன பயன் என்பதை இமயமலைப் பனியின் கதை சொல்லும். அந்தப் பனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வெண்பனியைக் கண்ணால் பார்க்காமலே நம்மில் பெரும்பாலோர் வாழ்ந்து முடித்துவிடுவோம். ஆனாலும் அந்தப் பனிக்கும் நம் ஊர்ப் பட்டினிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் வாய்க்கதையாகக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பஞ்சம் ஓய்ந்த 1878இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குத் திவானாக வந்தவர்தான் குளங்களைச் செப்பனிட்ட சேஷையா சாஸ்திரி. மழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்ற கேள்வி அப்போது இந்திய அரசை உலுக்கியது. 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு விடையை இமயமலையில் தேடினார். மலையில் பனி அதிகமாகக் கிடந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை இளைத்துப் போவதைக் கவனித்து 1884இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மீதிச் சூடும் பனியை உருக்குவதிலேயே செலவாகும். நிலம் சூடேறாவிட்டால் கடல்காற்றை இழுக்கும் வலு குறையும். 1886 ஜூனில் வானிலைத் துறை முறையான முதல் பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டது. இந்த உறவு எல்லா ஆண்டிலும் ஒரே மாதிரி பலிக்கவில்லை என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அப்படிக் கண்டுபிடிக்க முடிந்ததற்கும் ஆண்டுதோறும் எழுதி வைத்த கணக்குதான் காரணம்.

அந்தத் தென்மேற்குப் பருவமழைதான் குடகிலும் வயநாட்டிலும் பெய்து மேட்டூரை நிரப்புகிறது. மேட்டூர் நிரம்பினால் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வரும். சுமார் 148 கிலோமீட்டர் ஓடிவந்து அந்தக் கால்வாய் முடிகிற இடம் நம் மணமேல்குடி வட்டத்து மும்பாலை ஏரி. கடைமடையில் நிற்பவனுக்குத் தெரியும், தலைமடையில் ஒரு சாண் குறைந்தால் தன் வயலுக்கு ஒன்றுமே வராது. மலையில் ஏற்படும் மாற்றம் கடைசியில் வந்து விழுவது நம் தலையில்தான்.

இமயமலையில் பனியை எப்படி அளக்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது எங்களுக்கு ஒரு வியப்பு. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் சோட்டா ஷிக்ரி என்றொரு பனியாறு இருக்கிறது. (செய்தித்தாள்கள் பனிப்பாறை என்றே எழுதுகின்றன. மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டி என்பதால் பனியாறு என்பது இன்னும் பொருத்தம்.) அதன் கணக்கை ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து 2002 முதல் ஆண்டு தவறாமல் எடுத்து வருகிறார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்துவது மூங்கில் கழி. பனிக்கட்டியில் ஆழத் துளையிட்டுக் கழிகளை இறக்குகிறார்கள். அடுத்த ஆண்டு கோடை கழிந்ததும் மூச்சிரைக்க ஏறிப் போய், கழி எவ்வளவு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்று நாடா பிடித்து அளக்கிறார்கள். வெளியே தெரியும் அளவு உருகிப்போன பனி. நம் கண்மாயில் மடைக்கல்லைப் பார்த்து “இன்னும் ரெண்டு முழம் தண்ணி நிக்குது” என்று சொல்வதும் இதே வித்தைதான். அந்தக் கழிகள் சொல்லும் கணக்குப்படி, சோட்டா ஷிக்ரி சராசரியாக ஆண்டுக்கு அரை மீட்டர் தண்ணீர்க் கனத்துக்கு மெலிந்து வருகிறது. இந்துகுஷ் முதல் இமயம் வரையுள்ள பனியாறுகள் 2011–2020 ஆண்டுகளில் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமாகக் கரைந்தன என்று காத்மாண்டிலுள்ள பன்னாட்டு மலை ஆய்வு மையம் 2023இல் அறிவித்தது. ஐ.நா. சபை 2025ஐப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாக அறிவித்து, மார்ச் 21ஐ அதற்கான நாளாகவும் வைத்திருக்கிறது.

பனியாறுகளை நேரில் கண்டவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். சியாச்சினிலும் லடாக்கிலும் சிக்கிமிலும் காவல் நின்று திரும்பிய ராணுவத்தினர் இல்லாத ஊர் இங்கே குறைவு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவு மூடியதில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேரை இழந்தோம். தமிழகத்து வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஐயா, அந்த மலைகளில் பணி செய்தவர்களே, உங்களிடம் எங்களுக்குத் தனி வேண்டுகோள் உண்டு. எந்த ஆண்டு, எந்த மாதத்தில் பனி தொடங்கியது, எப்போது உருகியது, எந்த ஓடை ஜூனிலேயே ஓடியது என்று ராணுவ ரகசியம் எதையும் தொடாமல் உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். வீட்டுப் பழைய ஆல்பத்தில் நீங்கள் பனியில் நிற்கும் படம் இருந்தால் அதன் பின்புறம் ஆண்டையும் மாதத்தையும் இன்றே குறித்து வையுங்கள். மலை அடிவாரத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன் எடுத்த ஒரு படம், பனி அன்று எதுவரை இருந்தது என்று காட்டிவிடும்.

தமிழ்நாட்டிலும் பனி உறையும் மலை உண்டு. மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் விடிகாலையில் புல்வெளி சுண்ணாம்பு தெளித்தது போல வெளுத்துக் கிடக்கும். அந்த உறைபனி சோலைமரக் கன்றுகளைக் கருக்கிவிடுவதால்தான் புல்வெளி புல்வெளியாகவே நிற்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வரையாடு மேய்வது அந்தப் புல்லில்தான். நீலகிரிச் சதுப்புகளில் மட்கிக் கறுத்த சேற்றை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்து, ரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். உலகத்தின் வடக்கே பெரும்பரப்பைப் பனி மூடிக்கிடந்த காலத்தில் நீலகிரியில் மழை குறைந்து வறண்ட நிலத்துப் புல் பரவியிருந்ததை, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய கதையை, அந்தச் சேறு வைத்திருந்தது. அந்த மலைச்சரிவுகளில் கசியும் நீர்தான் பவானியில் சேர்ந்து, பவானி காவிரியில் சேர்ந்து, நம் கால்வாய்க்கும் வருகிறது.

கடல் பக்கம் வருவோம். மலையில் உருகிய பனி எங்கே போகிறது? கடலுக்குத்தான். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். கடல்நீர் சூட்டில் விரிந்ததும், பனியாறுகளும் துருவப் பனியும் உருகியதும் காரணங்கள். ஏறத்தாழ மூன்றே முக்கால் மில்லிமீட்டர் என்றால் இரண்டு நெல்மணியின் தடிமன். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் மீமிசலிலும் கடல் ஆழமற்றது, கரை தட்டையானது. இப்படிப்பட்ட கரையில் நெல்மணி நெல்மணியாக ஏறும் நீர், பல ஆண்டு சேர்ந்தால் உப்பளப் பாத்தியையும் குடிநீர்க் கிணற்றையும் தொட்டுவிடும். முத்துக்குடா அலையாத்திக் காட்டைப் பார்த்தவர்களுக்கு, அங்கே வேர்கள் நிற்கும் உயரம் எவ்வளவு நுட்பமானது என்று தெரியும்.

இனி, நோட்டில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம்.

மழை அளக்கக் கருவி வாங்க வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேராக நிற்கும் டப்பா போதும். அகலம் எவ்வளவு என்பது பொருட்டல்ல, நேராக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி வையுங்கள். வானிலைத் துறை நாடு முழுவதும் காலை எட்டரை மணிக்குக் கணக்கெடுக்கிறது. நீங்களும் அதே எட்டரைக்கு ஸ்கேலை நேராக இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளில் சுழி போடுங்கள். வெற்றிடமாக விட்டால், மழை பெய்யவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

பனிக்கு மூன்று சொல் போதும்: இல்லை, நனைந்தது, சொட்டியது. எந்த இலையைப் பார்க்கிறீர்களோ அதையே தினமும் பாருங்கள். நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைத்தவர்களுக்கு இது கைவந்த வேலை. தைக் காலையில் உளுந்து இலையின் மேல் சாம்பல் படிந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண் அவர்களுடையது. பனி எத்தனை மணிக்குக் காய்ந்தது என்பதையும் சேர்த்து எழுதினால், இலை ஈரத்தில் கழியும் நேரம் தெரியும். பயிர்நோய்கள் பல அந்த நேரத்தைப் பொறுத்து வரும். வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையமே நம் மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட குறிப்பு சேர்ந்தால் அங்குள்ளவர்களிடம் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பேசலாம்.

கரையோர ஊர்க்காரர்கள் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர் ஏறி நின்ற இடத்தை அசையாத ஒரு பொருளில், ஜெட்டித் தூணிலோ கோயில் மதிலிலோ, தேதியோடு கோடு போட்டு வையுங்கள். வாடை எந்த நாள் தொடங்கியது, கச்சான் எந்த நாள் மாறியது என்பதை உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலைப் பக்கத்துப் பிள்ளைகள், பாறைச் சுனை வற்றிய நாளையும் மறுபடி நிறைந்த நாளையும் எழுதட்டும். கோயில்காட்டுக்கு அருகில் இருப்பவர்கள் காயா பூத்த நாளையும் பாலை பழுத்த நாளையும் எழுதுங்கள். 

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்து போனபின், எத்தனை பலா சாய்ந்தது, எத்தனை தென்னை சாய்ந்தது என்று ஆளாளுக்கு விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தின நாள் எத்தனை நின்றது என்று எழுதி வைத்திருந்தவர்கள் எங்களில் இரண்டே பேர். அந்த வருத்தம் இன்னும் எங்களுக்கு ஆறவில்லை.

வரும் ஐப்பசி முதல் தேதி காலை எட்டரைக்குத் தொடங்குவோம். ஊருக்கு ஐந்து வீடு சேர்ந்தால் போதும். பள்ளிக்கூடங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அவர்கள் பத்தாம் வகுப்பு முடிக்கும்போது அடுத்த ஆறாம் வகுப்பிடம் கைமாற்றச் சொல்லலாம். பங்குனி கடைசியில் நோட்டுகளை நகல் எடுத்துக்கொண்டு மூல நோட்டை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம்.

பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். அந்தக் காலண்டர் தாள்களில் பேனாவால் எழுதியவை, பனி நனைத்த கைபட்டு நீலத் திட்டாகிக் கிடந்தன. பென்சிலால் எழுதியவற்றைத்தான் எங்களால் படிக்க முடிந்தது.