நாள்பட்ட வலியும் கைச்சிகிச்சையும்: இயன்முறை சிகிச்சையாளர்களாக எங்கள் நிலைப்பாடு

மூன்று மாதம் கடந்தும் விடாத இடுப்புவலி, கழுத்துவலி, காலுக்கு இறங்கும் நரம்புவலி ஆகியவற்றுக்கு நீவுதல், அழுத்துதல், மூட்டை அசைத்துவிடுதல் போன்ற கைச்சிகிச்சையை, உடற்பயிற்சியோடு சேர்த்துத் தரும்போது மட்டுமே ஆதரிக்கிறோம்.

கை பட்டதும் வலி தணிவது உண்மை. தசை தளர்கிறது, அசையப் பயந்தவர் கொஞ்சம் அசைகிறார். ஆனால் விலகிய டிஸ்க்கை எவருடைய விரலும் உள்ளே தள்ளுவதில்லை. மூட்டில் கேட்கும் 'டக்' ஓசையும் எலும்பு இடத்தில் போய் உட்காரும் ஓசை அல்ல. மூட்டு நீரில் வாயு பிரிவதால் எழுவது. "எலும்பை ஏற்றிவிட்டேன்" என்று சொல்லும் வழக்கத்தை எங்கள் துறையினரே இன்னும் விடவில்லை. அதைக் கேட்டவர், மறுபடி விலகிவிடுமோ என்று குனியவே அஞ்சுகிறார். அந்த அச்சம்தான் பலரை வலியைவிட அதிகமாக முடக்குகிறது.

தணிவு பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாளோதான் நிற்கும். அதற்குள் நடக்கவும் குனியவும் எடை தூக்கவும் பழக்க வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பயிற்சி அடங்கிய சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கைச்சிகிச்சையை ஏற்கிறது. குறிப்பிட்ட நோய்க்காரணம் தென்படாத நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தந்த வழிகாட்டுதல் மசாஜுக்கு இடம் தருகிறது; இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுத்தல், அல்ட்ராசவுண்ட், 'கரண்ட் வைப்பது' என்று மக்கள் சொல்லும் டென்ஸ் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. எங்கள் கிளினிக்குகள் பலவற்றில் நேரம் இவற்றிலேயே கழிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல் நீவித் தீர்வதல்ல. மரத்த பாதத்தில் ஒத்தடம் கொடுத்தால் சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அடக்க முடியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொய்ந்தாலோ கை வைக்கக் கூடாது; அப்போதே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கெடுப்பதை, முடிதிருத்தும் நாற்காலியிலும் சரி, சிகிச்சை மேசையிலும் சரி, நாங்கள் ஏற்கவில்லை. அரிதாகவேனும் மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

இருபது 'சிட்டிங்' என்று முன்பணம் வாங்கும் பேக்கேஜ்களை எங்கள் அமைப்பின் உறுப்பினர்கள் நிறுத்த வேண்டும். வீட்டில் செய்யும் பயிற்சியை முதல் நாளே எழுதித்தர வேண்டும். ஆறு சிட்டிங்கில் நடையிலோ தூக்கத்திலோ வேலையிலோ மாற்றம் இல்லையென்றால் கைச்சிகிச்சையை நிறுத்திவிட்டு, நோயாளியை மருத்துவரிடம் மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.