ஞாயிற்றுக்கிழமையும் நம் பிள்ளைகளும்

பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிப்பது என்பதைப் பற்றி நம்மூரில் ஆசிரியரும் பெற்றாரும் ஓயாமற் பேசுகின்றனர். எங்கே, யாரோடு கூடி அவர்கள் படிக்கின்றனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாடசாலையிற் படிக்கின்றனர், பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்திற் படிக்கின்றனர், சனி, ஞாயிறு வந்தால் மறுபடியும் அங்கேயே போகின்றனர். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வீடுகளிலே பத்து வயதுக் குழந்தைக்கு ஓய்வு நாள் என்று ஒன்று இருப்பதாக நான் காணவில்லை. யாழ்ப்பாணத்தின் பெருந்தெரு ஒன்றில் ஞாயிறு காலை சிறிது நேரம் நின்று பாருங்கள். புத்தகப் பையைச் சுமந்து சயிக்கிளிற் செல்லும் பிள்ளைகளின் கூட்டம் வார நாட்களிற் செல்லும் கூட்டத்தை நினைவூட்டும்.

இதனால் அவர்கள் இழப்பது விளையாட்டு என்று பலர் சொல்வர். விளையாட்டையும் இழக்கின்றனர்தாம். ஆனால் அதனினும் பெரியதோர் இழப்பு உண்டென்பது என் எண்ணம். வீட்டார் எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு ஓரிடம் போய்வருதல் என்ற வழக்கம் நம்மிடையே அருகி வருகின்றது. போகும் இடம் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. வல்லிபுரத் திருவிழாவாக இருக்கலாம், சந்நிதியாக இருக்கலாம், அயற்கிராமத்து மாமி வீடாகவோ, ஊர் எல்லையிலுள்ள புகையிலைத் தோட்டமாகவோ இருக்கலாம். வழியிலே பிள்ளை ஏதாவது கேட்கும். கூடவருபவர் ஏதாவது சொல்வார். அந்தக் கேள்வியும் விடையுமே நான் கருதும் பாடம்.

நம் பழைய தெருக்களின் ஓரங்களிலே சுமைதாங்கிகளைக் காணலாம். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறிய பின் தாமே தூக்கிச் செல்லத்தக்க உயரத்தில் அவை கட்டப்பட்டன. கருவுற்றிருந்த நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய உறவினர் இவற்றைக் கட்டுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு அவள் போய்விட்டாள். அவள் பெயரால் ஊரார் தம் சுமையை இறக்கி வைக்கட்டும் என்ற கருத்துப் போலும். அருகிலேயே ஆவுரோஞ்சிக்கல் நிற்கும். மாடுகள் தம் தினவைத் தீர்த்துக்கொள்ள நாட்டியது. அவை குடிக்கத் தண்ணீர்த் தொட்டியும், வழிப்போக்கர் தங்க மடமும் இருக்கும். மாட்டின் முதுகிலுள்ள தினவுக்காகவும் ஒரு கல்லை நாட்டவேண்டும் என்று நினைத்த மனிதர் நம்மூரில் வாழ்ந்தனர் என்பதை எந்தப் பாடநூலைக் கொண்டு ஒரு பிள்ளைக்கு உணர்த்துவது? ‘‘ஆச்சி, இந்தக் கல் என்னத்துக்கு?’’ என்று அது கேட்கவேண்டும். ஆச்சி நின்று விடை சொல்லவேண்டும். ஆறு மணி வகுப்புக்கு விரைகின்ற மோட்டார் சயிக்கிளின் பின்னாசனத்திலே அந்தக் கேள்வி பிறப்பதில்லை. (தெருக்களை அகலிக்கும்போது இக்கற்கள் பல பெயர்க்கப்பட்டுவிட்டன. அது வேறொரு கட்டுரைக்கு உரிய துயரம்.)

திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது கச்சான் வாங்காமல் யாரும் வருவதில்லை. அந்தக் கச்சான் வாங்கியவருக்கு மாத்திரம் உரியதன்று. கோயிலுக்கு வரமுடியாமற் போன கிழவிக்கு ஒரு பங்கு, காய்ச்சலாற் படுத்திருக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பங்கு என்று வீடு வந்ததும் பிரிக்கப்படும். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எப்போதும் வீட்டின் கடைக்குட்டிக்கே. அது போகும் வழியிலே நாலைந்தைத் தின்றுவிடும் என்பது தெரிந்தும் அதனையே அனுப்புவார்கள். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் கீரிமலைக்குச் சென்று நீராடிக் கடன் கழிப்பர். கடலின் ஓரத்திலே, கையெட்டும் தூரத்தில், உப்பில்லாத ஊற்றுநீர்க் கேணி இருப்பதைக் கண்டு வியக்கின்ற சிறுவன், தன் தந்தை தம் தந்தையை நினைந்து தலைகுனிந்து நிற்பதையும் அன்றுதான் காண்கிறான். வீட்டுக்கு வந்தால் இலையிலே கசக்கும் காத்தோட்டிக்காய்க் கறி. முகத்தைச் சுளித்துக்கொண்டாவது ஒரு துண்டு தின்றாக வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையினுள் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. அந்தப் படலமே எங்கள் கிணறு, எங்கள் வெங்காயம், எங்கள் உயிர். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலைக் காணலாம். அங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று முதியோர் கதை சொல்வர். கதையை நம்பவேண்டியதில்லை, ஆனால் நிலத்தின்கீழ் எல்லார் கிணறும் ஒன்றோடொன்று தொடர்புடையது என்ற உண்மையை அதனிலும் எளிதாகப் பிள்ளைக்கு விளக்க நான் அறியேன். துலா மிதித்து இறைத்த காலத்தில், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும் வேலை சிறுவர்களுடையது. பங்குக் கிணற்றிலே நம் முறை முடிந்தால் அடுத்தவர் முறைக்கு நீர் ஊற விடவேண்டும் என்பதை அவர்கள் நின்ற இடத்திலேயே கற்றனர். இன்று நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை, முறையும் தெரியாது. அளவு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். ‘‘தரைக்கீழ் நீர் என்றால் என்ன?’’ என்ற வினாவுக்கு ஐந்து புள்ளியும் பெறத்தக்க விடையை எழுதும் மாணவன் ஒருவனை நான் அறிவேன். தன் வளவுக் கிணற்றில் வைகாசியில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கும் என்பதை அவன் எட்டிப் பார்த்ததில்லை.

பாடசாலைகள் கல்விச் சுற்றுலா நடத்துகின்றனவே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் ஐம்பது பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஒரே நாளில் ஏழு இடத்தைக் காட்டி, இரவு பத்து மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடும் ஆசிரியருக்குத் தலையெண்ணவே பொழுது போதாது. ஆச்சியின் வேலையை அவர்மேற் சுமத்துவது அநியாயம்.

ஆயினும் பழையன யாவும் நல்லன என்று பாட நான் முன்வரவில்லை. வீட்டாரோடு போகும் பிள்ளை நன்மையை மாத்திரமா கற்றது? கோயில் வாசலுக்கு வெளியே ஒருசாரார் நிறுத்தப்பட்டதையும், கிணற்றடியிலே தம் கையால் அள்ள இயலாது பிறர் வார்க்கும்வரை அவர்கள் காத்து நின்றதையும் அது கண்டது. யாரும் விளக்கவில்லை, விளக்கம் தேவைப்படவுமில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, உள்ளே விடமாட்டோம் என்று எதிர்த்து நின்றோருள் எத்தனை பேர் அந்தப் பாடத்தைத் தந்தையின் கைவிரலைப் பிடித்துக்கொண்டு கற்றிருப்பர்! இவ்வாறு சொல்லாமற் சொல்லும் படிப்பு மிகவும் வலியது. அதனாலேயே அதனைக் கைவிட்டுவிடாமல், நாம் எதைச் செய்து காட்டுகிறோம் என்று அறிந்து நடத்தவேண்டியிருக்கின்றது. இன்று கச்சானை அயலுக்குப் பிரிக்கும் தாய், எந்த வாசல்களைத் தவிர்க்கிறாள் என்பதையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

பெற்றாரைக் குறை கூறுவது எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை. 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அநுமதியில் தரப்படுத்தல் வந்த நாள் முதலாக, ஒரு புள்ளியும் இரு புள்ளியும் வாழ்வையே தீர்மானிக்கும் என்ற அச்சம் எங்கள் வீடுகளிற் குடிபுகுந்தது. பின்னர் போர் வந்தது. இன்று பிள்ளைகளை வகுப்புக்கு ஏற்றி இறக்கும் தாய் தந்தையருட் பலர், தம் சிறுவயதில் வீட்டாரோடு சேர்ந்து போன பெரும்பயணம் எது தெரியுமா? 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியது. 1995 ஒக்டோபர் இறுதியிலே, மழையிருட்டில், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. குடும்பமாகப் புறப்படுதல் என்றாலே அவர்கள் உள்ளத்தில் வேறொரு காட்சி எழும். நான்கு சுவருக்குள், ஒரு வாங்கில், புத்தகத்தின் முன்னே பிள்ளை இருப்பதைக் கண்டால் அவர்கள் நெஞ்சு ஆறுகின்றது. அதனை நான் அறிவேன். ஆனால் அந்தப் பிள்ளை ஓடவேண்டியதில்லை, போய்வரலாம். போனால் திரும்பி வரலாம் என்பதை அது தன் பெற்றாரோடு போய்த்தானே அறியவேண்டும்?

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைக் குறித்துப் பாடிய பாட்டை நம் சிறுவர்கள் மனனப் போட்டிகளிலே அழகாகச் சொல்கின்றனர். கையசைவும் முகபாவமும் பிசகுவதில்லை. சென்ற ஆண்டு அவ்வாறு சொன்ன ஒரு சிறுமியிடம், ‘‘ஆடிக்கூழ் எப்படி இருக்கும், பிள்ளை?’’ என்று கேட்டேன். அவள் தன் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். பனங்கட்டியும் தேங்காய்ப் பாலும் வறுத்த பயறும் அரிசிமாவும் எந்தக் கடையிலும் கிடைக்கின்றன. கிடைக்காதது, அடுப்படியிற் கூடியிருந்து பிலாவிலையை மடித்துக் குடிக்க ஒரு மாலைப்பொழுது.

இந்தப் பக்கத்தைப் படிப்போரிற் பலர் ஆசிரியர். சிலர் ஞாயிறு வகுப்பும் நடத்துவீர்கள். க.பொ.த. வகுப்புக்களை நான் தொடவில்லை. கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்காவது அந்த ஒரு நாளை விட்டுக் கொடுங்கள். அதுவரையில், திங்கட்கிழமை ஒரு பையன் வந்து, ‘‘சேர், நேற்று அம்மம்மாவோட வல்லிபுரக் கோயிலுக்குப் போட்டன்; அதுதான் வகுப்புக்கு வரேல்லை’’ என்று தயங்கி நிற்பானானால், அவனைக் கடிந்துகொள்ளாமல், அங்கே என்ன கண்டான் என்று வகுப்புக்கு முன்னால் நிறுத்திக் கேளுங்கள்.