தொட்டிக்குள் ஒரு மீசைக்காரி

"சித்தி, நீங்க கத்தக் கூடாது" என்று வாசலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டான் என் அக்கா பிள்ளை. அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறான். போன வருஷம் அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன்.

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர் காப்பி டிகாஷன் நிறத்தில்! "ஏண்டா, தண்ணியே மாத்தறதில்லையா?" என்றேன். "காய்ஞ்ச இலை போட்டு நான்தான் அப்படி வெச்சிருக்கேன் சித்தி. தண்ணியில கொஞ்சம் புளிப்புத் தன்மை இருந்தாத்தான் இதுக்குத் தோல் வியாதி வராது" என்றான். "எதுக்குடா?" என்று நான் குனிந்து பார்க்க, உள்ளே கிடந்த சுள்ளி மெல்ல அசைந்தது. சத்தியமாவது, ஒன்றாவது! கத்தியே விட்டேன்.

அது பாம்பு, சகோதரிகளே! தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நாட்டு நீர்நிலைகளில் வாழும் 'டென்டகிள்ட் ஸ்நேக்'. மூக்கு நுனியில் மீசை போல இரண்டு சதைத் துளிர்கள். தண்ணீரின் அதிர்வை அறிய அவை உதவுகின்றனவாம். மூச்சுவிட மட்டும் மேலே வரும். சாப்பாடு மீன் மட்டுமே. முட்டையிடாமல் குட்டியே போடும்.

அது மீன் பிடிக்கும் வித்தை இருக்கிறதே! உடம்பை 'ஜே' எழுத்துப் போல வளைத்து அசையாமல் காத்திருக்கும். மீன் அருகில் வந்ததும் முதலில் உடம்பைத்தான் லேசாக அசைக்கும். மீன் மிரண்டு எதிர்ப்பக்கம் திரும்பும். அங்கேதான் வாய் காத்திருக்கிறது! ஓடுகிற குழந்தையை ஒரு பக்கம் பயம் காட்டி மறுபக்கம் பிடிப்போமே, அதே தந்திரம். கென்னத் கட்டேனியா என்ற விஞ்ஞானி 2009-ல் இதைப் படம் பிடித்து விளக்கினாராம்.

"விஷம்?" என்றேன். "பின்பல்லில் லேசா உண்டு. மீனுக்குத்தான், நமக்கு ஆபத்தில்லை" என்றான். எனக்கும் பயம் தெளிந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து சமையலறைத் தொட்டியில் கொட்டினான். பக்கத்திலேயே ஒன்றரை வயசுப் பேத்தியின் பால் புட்டிகள்! எனக்குப் பகீரென்றது.

ஊர்வன இனங்கள் பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தாலும் குடலில் 'சால்மனெல்லா' கிருமியைச் சுமக்கக்கூடும். அது தண்ணீரிலும் கலக்கும். பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி என்று போய்விடலாம். சிறு குழந்தைகளுக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இவை வேண்டாம் என்பதே அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் அறிவுரை. ஊர்வன என்றால் ஆமையும் சேர்த்தி. நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனைக்கு அங்கே 1975-லேயே தடை போட்டதும் இதனால்தான்.

அன்றிரவு மெதுவாகச் சொன்னேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. "நாலு வருஷமா வளர்க்கறேன் சித்தி" என்றான். மருமகள் ஒன்றும் பேசவில்லை; எழுந்து போய்ப் புட்டிகளையெல்லாம் வெந்நீரில் போட்டாள். அந்த வாரக் கடைசியில், இவற்றை வளர்த்துப் பழகிய ஒரு நண்பன் வந்து வாங்கிப் போனான். அவன் வீட்டில் குழந்தைகள் இல்லை. தொட்டி இருந்த இடத்தை இவன் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். கடையில் வாங்கிய குட்டி ஆமை நம் வீடுகளிலும் உண்டு. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது வேண்டாம். பெரிய பிள்ளைகள் மட்டும் இருந்தால், தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. பிள்ளை ஏரிக்கரையிலிருந்து தண்ணீர்ப் பாம்பைப் பாட்டிலில் பிடித்து வந்தால் அடிக்கவும் வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம். அதற்கு விஷமில்லை, ஆனால் சட்டென்று கடிக்கும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வைப்பதே குற்றம். பிடித்த இடத்திலேயே விட்டுவரச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் போய் வாருங்கள். அது நீந்திப் போகிற அழகைப் பார்க்கலாம்!