ஆராய்ந்து அமர்த்துவது ஏன்?

உத்தியோகம் புருட லட்சணம் என்னும் வாக்கு நம்மவரிடை நெடுங்காலம் வழங்கி வந்தது. இக்காலத்தில் அது மகளிர்க்கும் பொருந்துவதாயிற்று. ஆயினும், நேர்முகப் பரீட்சையில் நன்றாக விடையிறுத்து வீடு திரும்பிய பிள்ளையைப் பற்றிக் கல்லூரியிலும், முன்னர் வேலை பார்த்த கந்தோரிலும், சிலவேளை அயலிலும் விசாரணை நடைபெறுவதாகக் கேள்வியுற்றதும் பெற்றோர் மனம் புண்படுகின்றனர். “எங்கள் பிள்ளை என்ன கள்ளனா, மாஸ்டர்?” என்று என்னிடம் வந்து வினவிய தந்தையரும் உளர். அவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

ஆளை ஆராய்ந்து அமர்த்துதல் மேனாட்டார் நேற்றுக் கண்ட புதுமையன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்திற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்பதே பெயர். கௌடிலியரின் அர்த்தசாத்திரமோ அமைச்சரை இரகசியமாகச் சோதிக்கும் வழிகளையே வகுத்துரைக்கின்றது. உறவினரல்லாத இருவரின் பெயரையும் விலாசத்தையும் நம் விண்ணப்பப் பத்திரங்கள் கேட்பதும், கிராம அலுவலரின் சான்றிதழ் வேண்டப்படுவதும் அந்த எண்ணத்தின் வழிவந்தனவே. அரை மணி நேரப் பேச்சினால் ஒருவரின் நாவன்மையை அறியலாம். நாணயத்தை அறிதல் அரிது.

விசாரணைக்கு முதற் காரணம், விண்ணப்பத்தில் எழுதப்பட்டது மெய்தானா என்று அறிவதாகும். அமெரிக்காவிலுள்ள மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் மாணவர் அனுமதிப் பிரிவுத் தலைவியார் 2007ஆம் ஆண்டில் பதவி துறந்தார். 28 ஆண்டுகள் அங்கே பணிபுரிந்து நற்பெயர் ஈட்டியவர் அவர். ஆனால், தமக்கு இருப்பதாகக் கூறிய பட்டங்களை அவர் பெற்றிருக்கவில்லை. பிறருடைய விண்ணப்பங்களின் உண்மையை எடைபோடுவதே அவரது கடமையாயிருந்தது என்பதை எண்ணுக. தொடக்கத்திலேயே ஒரு கடிதம் எழுதி விசாரித்திருப்பின், நிறுவனத்திற்கு இழுக்கும் இல்லை. அவருக்கும் அத்தனை ஆண்டு உழைப்பு ஒரு நாளிற் கறைபட்டிராது.

இரண்டாவது காரணம் இன்னும் பாரதூரமானது. இங்கிலாந்தில் சோகம் என்னும் சிற்றூரில் 2002ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திற் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொலையுண்டனர். கொலையாளி அவ்வூர் இடைநிலைப் பாடசாலையொன்றின் பராமரிப்பாளனாக முந்திய ஆண்டிலே நியமனம் பெற்றவன். அவன் முன்னர் வாழ்ந்த மாவட்டத்துப் பொலிஸாரிடம் அவனுக்கெதிரான பாலியற் குற்றச்சாட்டுகள் பல வந்திருந்தன. ஒன்றேனும் தண்டனையில் முடியவில்லை; அவை பற்றிய குறிப்புகளும் ஒழுங்காகப் பேணப்படவில்லை. வேறு பெயரொன்றில் அவன் விண்ணப்பித்திருந்தமையால், உண்மைப் பெயரில் ஏடுகள் சரிவரப் பார்க்கப்படவுமில்லை. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த பிச்சாட் விசாரணை அறிக்கை இக்குறைகளை எடுத்துக் காட்டியது. அதன் பயனாக, பிள்ளைகளோடும் வலுவிழந்தோரோடும் பழகும் பணிகளுக்குரிய ஆட்களைச் சோதிப்பதற்கென 2006ஆம் ஆண்டில் அங்கே தனிச் சட்டம் பிறந்தது. நம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டிலிருக்கும் நாம், இத்தகைய விசாரணையை வேண்டாமென்று எவ்வாறு கூறமுடியும்?

மூன்றாவது காரணம் சட்டப் பொறுப்பு. ஊழியன் தன் வேலையின்போது பிறருக்கு இழைக்கும் தீங்கிற்கு முதலாளியும் பொறுப்பாளியாதல் கூடும். சாரதியின் கையில் வாகனத்தையும், காசாளரின் கையில் பெட்டகத் திறப்பையும் கொடுப்பவர் முன்கூட்டியே விசாரிப்பது இயல்பேயாம்.

எனினும், விசாரணைக்கும் ஓர் எல்லை வேண்டும். கல்லூரிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் எந்த ஆண்டு வரை படித்தார், ஒழுக்கம் எத்தகையது என்றே கேட்கின்றன, அது முறை. அயலிலே சென்று, இன்னார் எந்தப் பகுதி, யாருக்கு உறவு, எங்கே சம்பந்தம் செய்தார் என்று கேட்பது முறையன்று. அது தகுதியை அறிவதற்கன்று. சாதியை அறிவதற்கே உதவும். சோகத்திலே தவறவிடப்பட்டவை பொலிஸாரிடம் செய்யப்பட்ட முறைப்பாடுகள்; வேலியோரப் பேச்சல்ல.

நம் வடபுலத்திலே இவ்விடயம் மேலும் நுண்மையானது. இடம்பெயர்ந்த காலத்திற் பத்திரங்களைப் பறிகொடுத்தோர் பலர். 2009ஆம் ஆண்டின் பின்னர் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களில் இருந்து மீண்டனர். இவர்களுக்கு விசாரணை என்ற சொல்லே நெஞ்சை நடுங்கச் செய்வது. விண்ணப்பத்திலே சில ஆண்டுகள் வெறுமையாக இருப்பதைக் கண்டதும் பத்திரத்தை ஒதுக்கிவிடாது, “இந்த ஆண்டுகளில் என்ன செய்தீர்கள்?” என்று அவரையே அழைத்துக் கேட்டல் தருமமாகும்.

இந்த நியாயத்தைப் பிறநாட்டுச் சட்டங்களும் ஏற்றுள்ளன. விசாரணை நிறுவனம் தந்த அறிக்கையைக் கொண்டு ஒருவரை மறுக்குமுன், அதன் பிரதியை அவருக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. அங்கே ஹவாய் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டு வந்த சட்டமோ, வேலை தருவதாகக் கூறிய பின்னரே பழைய தண்டனைகளைப் பற்றிக் கேட்கலாம் என்றது. நம் நாட்டிலும், ஒருவரின் சொந்த விபரங்களைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. குறித்த நோக்கத்திற்கு வேண்டிய அளவே விபரம் திரட்டலாம் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று.

ஆகவே, பெற்றோர்களே, விசாரணையை அவமானமாகக் கொள்ளாதீர்கள். சித்தியடையாத பாடத்தைச் சித்தி என்று எழுதாதிருக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இடையிலே நின்றுபோன வேலையையும் மறையாது எழுதச் சொல்லுங்கள். நற்சாட்சிப் பத்திரம் எழுதும் ஆசிரியரிடத்து, இல்லாத குணத்தை ஏற்றி எழுதுமாறு இரவாதீர்கள். ஒரு பொய்ச் சான்று, பின்வரும் பத்து மாணாக்கரின் மெய்ச் சான்றையும் மதிப்பிழக்கச் செய்யும். முதலாளிமாரும், கேட்கவேண்டியதை மட்டும் உரிய இடத்திற் கேட்டு, குறை காணின் உரியவரின் விளக்கத்தையும் செவிமடுப்பாராக. ஆராயாது நம்புதல் பேதைமை. ஆராய்ந்து தெளிந்தபின் அவரை முழுமனத்தோடு நம்புதலே பெருந்தன்மை.