ஏழடி தூரம்

குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்படும் புகைப்பட ஆர்வலர் எவரும் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி இது: எந்த லென்ஸை எடுத்துச் செல்வது? கடைக்காரர்கள் தரும் விடையும் பெரும்பாலும் ஒன்றே. எல்லாத் தூரத்துக்கும் எட்டும் ஒரு ஜூமை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், 18 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை நீளும் ஒன்று இருந்தால் அருவியும் அகப்படும், அருவியின் உச்சியில் அமர்ந்திருக்கும் குரங்கும் அகப்படும் என்பார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் குடும்பப் பயணத்தில் அகப்பட வேண்டியது எது என்பதை அவர்கள் கேட்பதில்லை. நம் மனிதர்களிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கப்போகிறோம் என்பதைத்தான் லென்ஸைத் தேரும்போது நாம் முடிவு செய்கிறோம் என்பது என் துணிபு. அந்தத் தூரம் ஏழடியாக இருக்கட்டும் என்பதே இக்கட்டுரையின் பரிந்துரை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு விடுமுறை இரண்டு திசைகளில் விரிகிறது. ஒன்று, சென்னையை ஒட்டிய கேளிக்கைப் பூங்காக்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறக்கப்பட்ட வொண்டர்லா. மற்றொன்று, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. முன்னதற்கு விடியுமுன் வண்டி ஏறவேண்டும். தலைக்கு ஒரு நுழைவுச் சீட்டு வேண்டும். பின்னதற்குப் புளிச்சோற்றுத் தூக்கும் ஒரு வண்டியும் போதும். இரண்டும் வெவ்வேறு உலகங்கள். ஆயினும் லென்ஸைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விடை ஒன்றே.

கணக்கிலிருந்து தொடங்குவோம். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் உள்ளது ஏ.பி.எஸ்-சி எனப்படும் சென்சார். அதன் நீளம் ஏறத்தாழ 23.5 மி.மீ. நாலடி உயரமுள்ள ஒரு பிள்ளையை, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சற்றே இடம் விட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து முழு உருவமாக எடுக்க வேண்டும் என்று கொள்வோம். 18 மி.மீ. லென்ஸுக்கு நாம் மூன்றரை அடியில் நிற்க வேண்டும். 35 மி.மீ. என்றால் ஏழடி. 50 மி.மீ. என்றால் பத்தடி. 200 மி.மீ. என்றால் நாற்பது அடி.

இந்த எண்களைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மூன்றரை அடியில், நின்ற வாக்கில் ஒரு பிள்ளையைப் படம் எடுத்தால் தலை பெருத்துக் கால்கள் சிறுத்துத் தோன்றும். பலரும் இதை லென்ஸின் குறை என்பர். உண்மையில் அது நாம் நிற்கும் இடத்தின் குறை. அண்மையில் இருப்பது பெரிதாகவும் சேய்மையில் இருப்பது சிறிதாகவும் தோன்றுவது தூரத்தைப் பொறுத்ததே. நாற்பது அடியிலோ உருவம் குலையாது. ஆனால் பிள்ளை ‘அப்பா’ என்று கூப்பிட்டால் கூட்ட இரைச்சலில் நமக்குக் கேட்காது. ஏழடி என்பது பேச்சு கேட்கும் தூரம். பந்தியில் எதிர் இலைக்காரரின் முகம் தெரியும் தூரம். உருவமும் குலையாது, உறவும் அறாது.

இனி, பூங்காவுக்குள் நுழைவோம். அங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆசை, ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்கும் மகனைப் படம்பிடிப்பது. அதற்கு நீண்ட டெலி லென்ஸ்தான் வேண்டும். வேலிக்கு இப்பால் நிற்கும் நமக்கு வேறு வழியில்லை. ஷட்டர் வேகம் 1/500 வினாடிக்குக் குறையவும் கூடாது. இவ்வளவும் செய்து கிடைப்பது, வாய் பிளந்த இருபது முகங்களுள் ஒன்றாக நம் பிள்ளையின் முகம். ராட்டினத்தின் படமாக அது இருக்கும். நம் குடும்பத்தின் படமாக இருக்குமா?

ஒரு சுற்று இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்காக வரிசையில் நிற்கும் நேரம் பல வேளைகளில் அரைமணிக்கும் மேல். ஆக, விடுமுறை நிகழ்வது வரிசையில்தான். உயரம் அளக்கும் பலகைக்கு அருகில் குதிகாலைத் தூக்கி நிற்கும் இளையவள்; மூத்தவன் இறங்கி வரும்வரை அவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி; பயந்ததை மறைத்துக்கொண்டு வெளியே வரும் மாமா. இவையெல்லாம் நடப்பது ஏழடிக்குள். நாற்பது அடிக்கான லென்ஸை மாட்டிக்கொண்டவருக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டாது. பின்னால் நகர இடமும் இருக்காது.

இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன்தான் 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்தைத் தயாரித்தவர். பார்வையாளரின் மூக்குக்கு நேரே பொருள் ஒன்று வந்து நின்றதுதான் அப்படத்தின் வியப்பு. அருகில் வருவதன் கிளர்ச்சியை அறிந்த ஒருவர் பூங்கா கட்டினார் என்பதை நான் தற்செயலாகக் கொள்வதில்லை.

வெளிச்சத்துக்கு வருவோம். சாதாரண 18–55 கிட் லென்ஸை 35 மி.மீ.இல் நிறுத்தினால் அதன் துளை எஃப் 4.5 அளவுக்கே திறக்கும். 35 மி.மீ. பிரைம் லென்ஸோ எஃப் 1.8 வரை திறக்கும். வேறுபாடு ஆறு மடங்கு வெளிச்சம். இருண்ட அரங்கிலோ, மாலை மங்கியபின் உணவகத்திலோ முன்னது 1/20 வினாடி கேட்கும் இடத்தில் பின்னதற்கு 1/125 போதும். 1/20 வினாடியில் திரும்பும் பிள்ளையின் முகம் கலங்கிப்போகும். 1/125இல் பெரும்பாலும் நிற்கும். எடையையும் பாருங்கள். நிக்கான் 2009இல் வெளியிட்ட 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 200 கிராம். அதே நிறுவனத்தின் 18–200 ஜூம் 560 கிராம். செய்திப் புகைப்படக்காரர்கள் சுமக்கும் எஃப் 2.8 வகை 70–200 லென்ஸ்கள் பல ஒன்றரைக் கிலோவை நெருங்கும். ஒரு தோளில் தூங்கிவிட்ட குழந்தை, மறுதோளில் ஒன்றரைக் கிலோ என்று நாள் முழுதும் நடப்பவருக்குப் படம் எடுக்கும் மனமே மாலைக்குள் வற்றிவிடும்.

இனி மலைக்கு ஏறுவோம். கல்வராயன் மலையில் ஆசை இரு பக்கமும் இழுக்கும். பெரியார் அருவியின் முன் நின்றால் அகன்ற லென்ஸ் வேண்டும்போல் இருக்கும். ஆனால் 10 மி.மீ.இல் அருவி நூலாகச் சிறுத்து, முன்னால் உள்ள பாறையே படத்தை நிறைக்கும். மேகம் அருவிக்கு நடக்கும் வழியில் டெலி லென்ஸைத் தேடும் கை. அங்கே லென்ஸைக் கழற்றி மாட்டினால் சாரலும் தூசியும் கேமராவுக்குள் புகும். மழைக்காலமாயின் உள்ளே தங்கிய ஈரம் பின்னாளில் லென்ஸில் பூஞ்சையாக முளைக்கும். மாட்டிய ஒன்றைக் கழற்றாமலிருப்பதே மலையில் நல்லது. வீடு திரும்பியதும் சிலிகா ஜெல் இட்ட காற்றுப்புகா டப்பாவில் வைத்துவிடுங்கள்.

இவை வசதியைப் பற்றியவை. மலையில் நீண்ட லென்ஸை நான் மறுப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. பூங்காவில் நம்மைச் சுற்றி இருப்பவர்கள் நம்மைப் போல் சீட்டு வாங்கி வந்தவர்கள். கல்வராயன் மலையிலோ நாம் இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்கிறோம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் நம் விடுமுறையின் காட்சிப்பொருள் அல்லர். சுள்ளிக்கட்டோடு இறங்கி வரும் ஒரு பெண்ணை நாற்பது அடியிலிருந்து 200 மி.மீ. லென்ஸால் எடுத்தால், எடுக்கப்பட்டது அவருக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதே அந்த லென்ஸின் சிறப்பாக விற்கப்படுகிறது. ஏழடியில் அது நடவாது. ‘ஒரு படம் எடுத்துக்கட்டுமாங்க, அக்கா?’ என்று கேட்டாக வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு வழி கேட்டு நடக்கலாம்.

இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சு அன்று. இம்மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. கூலியின்றி உழைப்பைப் பிடுங்குவது அதன் வழக்கமாயிருந்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கெடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கேளாமல் எடுத்துக்கொள்வதற்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகும் நாமும் கேமராவோடு அவ்வரிசையில் சேர வேண்டாமே. அப்பா கேட்டுவிட்டு எடுக்கிறார் என்பதை உடன்வரும் பிள்ளைகள் பார்ப்பது எந்தப் படத்தையும்விடப் பெரிது.

சில மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ‘பறவைகளை என்ன செய்வது?’ என்பர். பறவைக்கு 300 மி.மீ.க்குக் குறைந்து ஒன்றும் பயனில்லை. அதற்குத் தனியாக, விடியலில், குடும்பம் உறங்கும்போது போகலாம். பிள்ளைகளை ‘சத்தம் போடாதே’ என்று அதட்டிக்கொண்டே பறவை பார்ப்பது பறவைக்கும் நல்லதன்று, பிள்ளைக்கும் நல்லதன்று. ‘புதிய லென்ஸ் வாங்கப் பணமில்லை’ என்பவர்கள் வாங்கவே வேண்டாம். கிட் லென்ஸை 35 என்ற எண்ணில் நிறுத்தி, வளையத்தின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். பகல் வெளிச்சத்துக்கு அதுவே போதும். செல்பேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. பெரும்பாலான செல்பேசிகளின் முதன்மைக் கேமரா அகலமானது. திரையில் 2 மடங்கு என்ற பொத்தானைத் தொட்டால் ஏறத்தாழ அதே ஏழடிப் பார்வை கிட்டும்.

இறுதியாக ஒன்று. நம் வீட்டு ஆல்பங்களில் படம் எடுப்பவர் இருப்பதே இல்லை. பத்து ஆண்டுப் பயணங்களில் அப்பா ஒரு படத்திலும் அகப்பட்டிருக்க மாட்டார், அல்லது அம்மா. ஜூமும் பொத்தான்களும் நிறைந்த கருவியை இன்னொருவர் கையில் கொடுக்கத் தயங்குகிறோம் என்பது இதற்கு ஒரு காரணம். திருக வேண்டிய வளையம் இல்லாத ஒற்றை லென்ஸை யாரிடமும் கொடுக்கலாம். பத்து வயது மகளிடம், வெள்ளிமலைத் தேநீர்க் கடைக்காரரிடம். ‘ஏழு எட்டுத் தள்ளி’ என்று சொல்லாதீர்கள். ‘இங்க நின்னு அழுத்துங்க’ என்று இடத்தைக் காட்டிவிட்டுப் போய்க் குடும்பத்தோடு நில்லுங்கள்.